கொல்லிமலைக்குப் போன குடும்பம்



கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பிலே, வரவுப் பதிவை எடுத்து முடிக்கும் வேளையில், மூன்றாம் நிலை மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். அவனுடைய ஆங்கிலப் பாடசாலைத் தோழன் ஒருவன் தாய் தந்தையரோடு தென்னமெரிக்காவின் அடர்ந்த காட்டுக்குப் போகிறானாம். அந்தக் குடும்பத்தின் நண்பர்கள் அங்கே மிஷனரிகளாக வாழ்கிறார்களாம். சிறிய விமானத்தில் இறங்கி, பின்பு படகிலே செல்ல வேண்டுமாம். இவ்வளவையும் ஒரே மூச்சிலே சொல்லிவிட்டு, "சேர், தமிழ் பேசுற காடு எங்கேயாவது இருக்கா? அங்கேயும் யாராவது இப்படிப் போயிருக்காங்களா?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. விடையை ஆண்டு விழா மலரில் எழுதுவதாக வாக்களித்தோம். அந்த வாக்கை இங்கே நிறைவேற்றுகிறோம்.

தமிழ் பேசும் காடு உண்டு. அதன் பெயரை நீங்கள் முன்னரே அறிவீர்கள். கடையெழு வள்ளல்களைப் படித்தபோது வல்வில் ஓரி என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினோம் அல்லவா? ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியது அந்த ஓரியையே. அவன் ஆண்ட மலை கொல்லிமலை. இன்று அது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நமது லிவர்மோரிலிருந்து பார்த்தால் வடமேற்கே டயப்லோ மலை தெரிகிறதே, அதன் உச்சி 1,173 மீற்றர். கொல்லிமலையும் ஏறக்குறைய அந்த உயரந்தான். ஆனால் டயப்லோ ஒற்றைச் சிகரம். கொல்லிமலையோ மேலே ஏறியபின் வயலும் ஓடையும் ஊருமாகப் பரந்து கிடக்கும் ஒரு நாடு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இப்போது பேருந்து மேலே செல்கிறது. நாம் சொல்லப்போகும் கதையின் காலத்தில் அந்தப் பாதை இல்லை.

அங்கே வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர் மலையாளி; அவர்களுடைய மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சாமை, தினை, கேழ்வரகு, ஓடையோரத்தில் நெல், தோட்டத்தில் பலா, வாழை, மிளகு என்பன அவர்களின் விளைவு. அறப்பளீசுவரர் கோயிலும் எட்டுக்கை அம்மன் கோயிலும் அவர்களின் வழிபாட்டிடங்கள். அறப்பளீசுர சதகம் என்ற நூலைப் பாடிய அம்பலவாணக் கவிராயர் அந்தக் கோயில் இறைவனை முன்னிலைப்படுத்தியே பாடினார். ஆகவே இது நாகரிகம் தீண்டாத வனம் என்று யாரும் எண்ணுதல் தகாது. சங்கப் புலவர்கள் ஏறிய மலை அது. ஆயினும் 1913ஆம் ஆண்டிலே அங்கே வைத்தியசாலை இல்லை, மலேரியா மாத்திரம் தாராளமாக இருந்தது. சமவெளியார் மேலே இராத்தங்க அஞ்சினர். கொல்லிமலை என்ற பெயருக்குக் கொல்லும் மலை என்று பொருள் சொன்னோரும் உளர்.

அந்த ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவரது புது மனைவி எவிலினும் மலையேறினர். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி இலண்டனில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். எவிலின் 1879இல் இலண்டனில் வசதியான வீட்டிலே பிறந்து, ஓவியம் பயின்றவர். மணமானபோது வயது முப்பத்துநான்கு. இருவரும் பாப்திஸ்து சபையொன்றின் மிஷனரிகள். மலையேறுமுன் தமிழ் கற்றனர். தங்கள் வீட்டை ஜெஸ்ஸியே மரத்தால் கட்டினார். தூண்களின்மேல் நிறுத்திய வீடு. கறையான் ஏறாதபடி தூண்களின் தலையிலே இரும்புத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். 1914 யூலை 17இல் பால் என்ற மகன் பிறந்தான். பின்னர் கோனி என்ற மகள். அவர்கள் குடியிருந்த இடம் வாழவந்தி. பெயரைச் சற்று நின்று பாருங்கள்: வாழ வந்த இடம்.

இங்கே பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. மிஷனரி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் சிலரின் முகம் சுருங்குவதை அறிவோம். இவ்வூர்ச் சிவா விஷ்ணு கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நேரே வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். நாமும் சைவப் பாடசாலையிலே படித்து, பிறகு அத்தகைய பாடசாலையிலே படிப்பித்தவரே. யாழ்ப்பாணத்திலே இந்த வழக்கு இரண்டு நூற்றாண்டுப் பழமையுடையது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தனர், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது, 1847இல் வந்த சாமுவேல் பிஷ் கிறீன் என்ற வைத்தியர் மானிப்பாயிலே நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மறுபுறத்தில், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலரே, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி மதமாற்றத்தை எதிர்த்து நின்றார். கிறீனையும் நாவலரையும் ஒருங்கே மதித்து வளர்ந்தவர் நாம். கொல்லிமலைக் குடும்பத்தையும் அந்தக் கண்ணாலேயே நோக்குகிறோம்.

அவர்கள் போனது மதத்தைப் பரப்புவதற்கு. இதை மறைத்துச் சொல்வது அவர்களுக்கே அவமதிப்பு. ஆயினும் ஆண்டுகள் பல கழிந்தும் ஒருவரும் அவர்களுடைய மதத்தில் சேரவில்லை. வைத்தியம் செய்தார், பல் பிடுங்கினார், பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார், தச்சு வேலை பழக்கினார், பட்டுப்பூச்சி வளர்க்கக் காட்டினார். மக்கள் நன்றியோடு ஏற்றுக்கொண்டு தங்கள் தெய்வத்தையே கும்பிட்டனர். பூசாரிமார் விலகி நின்றனர். 1918இல் உலகெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சல் மலைக்கும் வந்தது. வீடு வீடாகப் பிணம் விழுந்தபோது உறவினரே அஞ்சி ஒதுங்கினர்; பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசைகளுக்குச் சென்று ஊட்டினர். அதுவரை எதிர்த்திருந்த பூசாரி ஒருவர் அந்தக் காய்ச்சலிலே சாகுந் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். கைக்குழந்தையாய் இருந்த பெண்ணுக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர். அதன் பிறகே சிலர் அவர்களுடைய சபையில் சேர்ந்தனர்.

இந்த இடத்தில் எமக்கு மனச்சஞ்சலம் உண்டு. நோயும் மரணமும் சூழ்ந்த வேளையில் ஒருவர் மாறுவதை முழு விருப்பம் என்று கொள்ளலாமா? பெரிய வகுப்பு மாணவர்கள் இதை வீட்டிலே பேசிப் பார்க்கலாம். பேசும்போது, அந்தக் கஞ்சியை மலைக்குக் கீழே இருந்த நம்மவர் எவரும் கொண்டு செல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனிச் சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தமான, அருவருப்பான பகுதி! கொல்லிமலையிலே நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. பெயரைக் கேட்டுச் சிலந்திப் பூச்சி என்று நினைக்க வேண்டாம். அது ஒரு புழு. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் குளத்து நீரிலுள்ள மிகச் சிறிய நீர்த்தெள்ளின் வயிற்றில் இருக்கும். அந்த நீரை ஒருவர் வடிகட்டாமல் குடித்தால் புழு உடலுக்குள் புகுந்துவிடும். ஏறத்தாழ ஓராண்டு எந்த அடையாளமும் இல்லை. பின்பு, நூல் போன்று மெல்லியதாய், ஒரு மீற்றர் வரை நீண்டு வளர்ந்த பெண்புழு காலிலே கொப்புளத்தை உண்டாக்கித் தலை நீட்டும். தாங்க முடியாத எரிவு. எரிவு தணியக் காலைத் தண்ணீரில் வைத்தால், அந்தக் கணத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரிலே விட்டுவிடும். மறுபடியும் அதே சுற்று.

புழுவை வெடுக்கென இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியிலே சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படி எத்தனையோ பேரின் கால்களிலிருந்து எடுத்ததை மகன் அருகே நின்று பார்த்தான். ஆனால் குச்சியிலே சுற்றி எடுப்பதால் நோய் ஒழியாது. மக்கள் படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் அள்ளும் கிணறுகளே நோயின் வீடு என்பதை அறிந்து, கிணறுகளைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்பச் செய்தார். காலை வைக்க முடியாது, வாளியால்தான் இறைக்கலாம். அவ்வளவே. மருந்து ஒன்றும் இல்லாமல் ஒரு சுவர் ஒரு நோயை நிறுத்தியது. பின்னாளில் இந்தியா முழுவதிலும் கையாண்ட வழியின் சாரமும் அதுதான்: நீரில் இறங்காதே, வடிகட்டிக் குடி. 1996இல் இராசத்தானத்தில் கண்டதே இந்தியாவின் கடைசி நோயாளி. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிலே அந்நோய் ஒழிந்ததாகச் சான்று வழங்கியது. 1986இல் உலகிலே ஆண்டொன்றுக்கு முப்பத்தைந்து இலட்சம் பேரை வருத்திய நோய் 2024இல் பதினைந்து பேர் அளவில் சுருங்கிவிட்டது. இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பால் என்ற சிறுவனின் வாழ்க்கை எப்படி இருந்தது? ஆண்டுக்கொரு முறை சமவெளிக்கு இறங்கும்போதன்றிச் சக்கரமுள்ள வண்டி எதையும் தான் கண்டதில்லை என்று முதுமையிலே எழுதினார். கடை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. தாயே ஆசிரியை. பையன் வீட்டுக்குள் அடங்கி இருக்கமாட்டான். பலாமரத்திலே ஏறி அமர்ந்து கணக்குச் செய்வான். (நமது வகுப்பறையின் பின்வரிசையில் நாற்காலியைச் சாய்த்து ஆடுவோருக்கு இது அனுமதி ஆகாது.) மலைப்பிள்ளைகளோடு தமிழிலே விளையாடினான்.

ஒரு நாள் பிள்ளைகள் ஓடையோரத்து நெல்வயலிலே இறங்கித் தவளை பிடித்தனர். மிதித்ததில் நாற்றுகள் சாய்ந்தன. சேறு கலங்கி வரம்பைத் தாண்டி வழிந்தது. வயலைக் காவல் செய்யும் கிழவர் தடியை ஊன்றி வந்தார். அவரைப் பிள்ளைகள் தாத்தா என்பர். அடிப்பார் என்று பயந்தனர். அவரோ ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். இந்தச் சேறுதான் வருடா வருடம் உங்களுக்குச் சோறு தருகிறது. வழிந்து போகும் அந்த நீரைப் பாருங்கள், அதிலே போகும் சேறு மறுபடி மலையேறி வருமா என்று கேட்டுவிட்டு, அவர்களைக் கொண்டே வரம்பை அடைப்பித்தார். அந்த ஒரு கைச் சேற்றைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்குப் பின் பால் பிராண்ட் ஒரு கட்டுரை எழுதினார். உலகப் புகழ் பெற்ற வைத்தியர் மண்ணரிப்பைப் பற்றி எழுதியபோது சான்றாக நிறுத்தியது ஒரு தமிழ்க் கிழவரை. மிஷனரிகள் மலைக்குக் கொடுத்ததைப் பலரும் எழுதியுள்ளனர். மலை அவர்களுக்குக் கொடுத்ததை அந்தக் குடும்பத்து மகனே எழுதியது எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொரு நாள் மூன்று அந்நியர் வீட்டு முற்றத்திலே வந்து நின்றனர். தாய் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். பால் ஒளிந்து நின்று பார்த்தான். யாரையும் வெறுங்கையால் தொட்டு வைத்தியம் செய்யும் தந்தை, அன்று கையுறை அணிந்து அவர்களின் கால்களைக் கழுவிக் கட்டினார். வந்தவர்கள் தொழுநோயாளர். அவர்கள் போனபின் கையுறைகள் எரிக்கப்பட்டன. அவர்கள் இருந்த இடத்துக்குப் பிள்ளைகள் போகக்கூடாது என்று கட்டளை. தந்தையின் முகத்திலே அச்சத்தைக் கண்ட அந்த நாளை மகன் மறக்கவில்லை.

1923இல் பாலுக்கு ஒன்பது வயது, கோனிக்கு ஆறு. பாடசாலைக் கல்விக்காகப் பெற்றோர் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, பாட்டியிடமும் சிற்றன்னையரிடமும் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். அக்காலத்து மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம். வழக்கம் என்பதனால் வலி குறையவில்லை. பிள்ளைகளிடம் விடைபெற்ற அந்த நேரத்தில் தம்முள் ஏதோ ஒன்று செத்துப்போனதாகத் தாய் பிற்காலத்திலே சொன்னார். கடிதங்கள் கப்பலிலே வாரக்கணக்கில் பயணம் செய்தன. தந்தை மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றி மகனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

1929 யூன் 15இல் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். வயது நாற்பத்துநான்கு. தந்தி விரைந்து இலண்டனுக்குப் போயிற்று. ஆனால் அதற்கு முன் அவர் எழுதி அஞ்சலில் சேர்த்த கடிதங்கள் கப்பலில் இருந்தன. தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பதினான்கு வயது மகனுக்கு, அதன் பின்னும் தந்தையின் கையெழுத்திலே கடிதம் வந்தது.

இதை எழுதும்போது எமது பேனா சற்று நின்றது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது நாம் வன்னியிலே ஆசிரியராய் இருந்தோம், தந்தையார் வடமராட்சியில். அவர் மறைந்த செய்தி முதலிலே வந்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு, வேலிக்குக் கதியால் நட்டதைப் பற்றியும் கறவைப் பசுவைப் பற்றியும் அவர் எழுதிய கடிதம் வந்தது. பால் பிராண்டின் வரலாற்றை நாம் முதன்முதலாகப் படித்தது இந்நாட்டுக்கு வந்தபின். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நூலை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தோம்.

கணவரை மலையிலே அடக்கம் செய்த எவிலின் இங்கிலாந்துக்குப் பிள்ளைகளிடம் வந்தார். துறைமுகத்திலே அவரைக் கண்ட பால், கூனி மெலிந்து நரைத்த இந்த மூதாட்டியா என் தாய் என்று திகைத்ததாக எழுதியுள்ளார். உயரமும் அழகும் நிறைந்தவராக நினைவிலே வைத்திருந்த தாய் அவர். எல்லோரும் அவர் இனி இங்கேயே தங்குவார் என்றனர். அவரோ மறுபடியும் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார். மிஷன் நிறுவனம் சமவெளியில் வேலை கொடுத்தது, செய்தார். ஓய்வு வயது வந்ததும் ஓய்வும் பெற்றார். ஆனால் இலண்டனுக்குக் கப்பலேறவில்லை. சம்பளமும் பதவியும் இல்லாமல், எழுபதை எட்டும் வயதிலே, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே ஏறிவிட்டார்! கல்வராயன்மலை, பச்சைமலை என்று பல மலைகளுக்கு மட்டக்குதிரையிலே போனார். விழுந்து எலும்பு முறிந்தது. குதிரையிலிருந்து மறுபடியும் விழுந்தார். பின்பு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார்.

இதற்கிடையில் மகன் பால் வைத்தியம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தார். மனைவி மார்கரெட்டும் வைத்தியர். கண் நோய்களில் தேர்ந்தவர். 1947இல் பால் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மடங்கி முடங்கிய கையுடைய ஒருவரைத் தம் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடியின் இறுக்கத்திலே பாலுக்கு நொந்தது. விரல்களை மடக்கும் தசைகள் வலுவோடு இருக்கின்றன, வேறு சில தசைகளே செயலிழந்தன என்று அந்தக் கணத்திலே உணர்ந்தார். முன்கையிலே நன்றாயிருக்கும் தசையின் நாணை எடுத்து, விரலுக்கு மாற்றித் தைத்தால் கை மறுபடி விரியும் அல்லவா? வேலூரிலே அதைச் செய்து காட்டினார். குணமானவர்கள் தொழில் பழகுவதற்கு நவஜீவ நிலையம் என்று ஓர் இடமும் அமைந்தது.

ஆயினும் ஒரு புதிர். குணமான கைகளிலே புதிது புதிதாகப் புண்கள் வந்தன. சிலருக்குக் காலையில் எழும்போது விரலின் ஒரு பகுதியே காணாமற் போயிருந்தது. தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்றே அதுவரை உலகம் நம்பியது. பால் இராக்காவல் வைத்துப் பார்த்தார். எலி! தூங்குபவரின் விரலை எலி கடிக்கிறது. உணர்ச்சி இல்லாமையால் அவர் விழிக்கவில்லை. அன்றிலிருந்து, வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனை ஒன்றையும் கொடுத்து அனுப்பினராம். நோய் நரம்பைக் கெடுத்து வலியை நீக்கிவிடுகிறது. மற்ற அழிவெல்லாம் சூடு, வெட்டு, உரசல் என்னும் அன்றாடக் காயங்களால் வருகிறது என்பது அவரது ஆராய்ச்சியின் பெரிய முடிபு. 1966இல் அவர் இந்நாட்டுக்கு வந்து லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே கண்டவை இன்று, கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கவும் பயன்படுகின்றன. நம் வீடுகளில் நீரிழிவு உள்ள தாத்தா பாட்டிமார், செருப்பில்லாமல் முற்றத்திலே நடக்கும்போது பேரப்பிள்ளைகள் இதை நினைவூட்டலாம். 1993இல் வலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வலியை அவர் கொடை என்றார்.

தமிழ் மாணவர்கள் இதற்கு வியக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் நாம் நோ என்பதைத் தமிழ்நாட்டார் வலி என்பர். திருக்குறளிலே வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது நோவைப் பற்றியதன்று, வலிமையைப் பற்றியது. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. கொல்லிமலையில் தமிழோடு வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு தெரிந்திருந்ததோ. நூலிலே அவர் இதைச் சொல்லவில்லை. நாம் அவர் மாணவராய் இருந்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்போம்.

வேலூரில் இருந்த காலத்திலே அவர் தாயைப் பார்க்க மலைக்குச் செல்வார். மாணவன் கேட்ட கேள்விக்கு நேர் விடை இதுதான்: காட்டிலே வாழும் மிஷனரியைக் காண ஒரு குடும்பம் செல்கிறது, போவது மகன், காணப்படுபவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய தாய். அவருக்கு ஓய்வு கொடுத்துக் கீழே அழைத்து வரவேண்டும் என்று மகன் வாதாடினார். எலும்பு முறிவுகள், காய்ச்சல்கள், தனிமை என்று காரணங்களை அடுக்கினார். நான் இறங்கிவிட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள், பயன்படாவிட்டால் இந்தக் கிழட்டு உடம்பைப் பாதுகாத்து என்ன செய்ய என்ற கருத்திலே தாய் மறுத்துவிட்டார். மகன் தனியே இறங்கினார். ஒன்பது வயதிலே தாயை விட்டுப் பிரிக்கப்பட்டவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் படியுங்கள். எமக்கு அந்தத் தாயின்மேல் சிறிது கோபமும் உண்டு, வணக்கமும் உண்டு.

அந்த வீட்டிலே கடைசி இருபது ஆண்டுகளாக முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. தாயைப் பற்றி மகனின் மனத்திலே நின்ற காட்சி ஒன்றை அவர் விவரித்திருக்கிறார். மலையூர் ஒன்றிலே தாழ்ந்த கல்மதில். அதன்மேல் சுருக்கம் விழுந்த முகத்தோடு தாய் உட்கார்ந்திருக்கிறார். நாற்புறமும் மக்கள் நெருங்கி நிற்கின்றனர். அவர் பேசுவதைக் கேட்டுத் தலையசைக்கின்றனர். பேசியது தமிழிலே.

எவிலின் பிராண்ட் 1974 டிசம்பரிலே தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார். கொல்லிமலையிலே கணவருக்கு அருகே அடக்கம் செய்தனர். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி. பால் பிராண்ட் 2003 யூலை 8இல் சியாற்றில் நகரிலே காலமானார்.

தென்னமெரிக்கக் காட்டுக்குப் போன தோழன் திரும்பி வந்திருப்பான். அவனிடம் கேட்டு வர வேண்டியவை சில: அவன் கண்ட மக்களின் மொழிக்கு என்ன பெயர்? அங்கே தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள்? அவனுடைய நண்பர்களின் பிள்ளைகள் அங்கே எந்த மொழியிலே விளையாடுகிறார்கள்? அங்கிருந்த யாரிடமாவது அவன் எதையாவது கற்றுக்கொண்டானா?

இனி வீட்டுவேலை. சிறிய வகுப்பார் நரம்புச் சிலந்தியின் சுற்றினைப் படமாக வரைந்து, சுவர் எந்த இடத்தில் அதை வெட்டியது என்று குறியிடுக. நடு வகுப்பார் வலி என்ற சொல்லை இரண்டு பொருளிலும் வைத்து நான்கு வாக்கியம் எழுதுக. பெரிய வகுப்பார் ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ தமிழிலே ஒரு பக்கக் கடிதம் எழுதி, முகவரியிட்ட உறையோடு வகுப்புக்குக் கொண்டு வருக. வீட்டு முற்றத்திலே உள்ள மரம், பூச்சி, பக்கத்து வீட்டு நாய், எதைப் பற்றியும் எழுதலாம். கையெழுத்து வேண்டும்; அச்சிட்டது ஏற்கப்படமாட்டாது. முத்திரைச் செலவு ஆசிரியருடையது.